வெள்ளை அங்கியும் புதன்கிழமைப் பிள்ளையும்

இங்கிலாந்தில் ஆல்டர்ஹம் ஊர்க் கோயிலின் பலிபீடக் கல்லை மூன்று தடவை சுமந்த ஆட்களில் பார்னபி தர்கெல் ஒருவர். சின்னப் பையன் ராஜாவாக இருந்த காலத்தில் அது விக்கிரக ஆராதனை என்று சொல்லி வெளியே தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். தன் தோல் பட்டறைக்குக் கொண்டுபோய் ஈரத்தோலுக்குப் பாரமாக வைத்துக்கொண்டார். அடுத்து வந்த ராணி போப்பின் பழைய மார்க்கத்துக்காரி. கல் திரும்பி வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. நாற்றம் போகத் தேய்த்துக் கழுவி மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். இப்போதைய ராணி பட்டத்துக்கு வந்ததும் மறுபடி வெளியே. மூன்று தடவையும் முத்திரை வைத்த காகிதத்தைப் படித்தார்கள். மூன்று தடவையும் இதுதான் தேவசித்தம் என்றார்கள். அதற்குப் பிறகு காகிதத்தைப் பார்த்துப் படிக்கிற யாரையும் பார்னபி நம்பவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அவர் நம்பியது ஒரே ஒரு ஆளை. யோசியா ஃபென் ஐயாவை.

ஃபென் எட்டு வருஷத்துக்கு முன்னால் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த குருவானவர். எலும்பும் தோலுமாக இருப்பார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, குருமார் ஆராதனைக்குப் போடவேண்டிய வெள்ளை அங்கியைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டுக் கறுப்புக் கோட்டோடு பிரசங்க மேடையில் ஏறினார். ராணியம்மா போப்பை வெளியே தள்ளிவிட்டுப் போப்பின் துணிமணியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார், வீட்டைப் பாதி பெருக்கிவிட்டு விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டார் என்று வெளிப்படையாகச் சொன்னார். அங்கி கூடாது, பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடக்கூடாது, மண்டியிட்டு நற்கருணை வாங்கக்கூடாது. வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று என்னையே கேளுங்கள், காட்ட முடியாவிட்டால் நான் சொல்வதையும் நம்பாதீர்கள் என்றார். தோல்காரனைப் பார்த்து ‘நீ கேள்’ என்று அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. நாற்றம் அடிக்கிறது என்று பார்னபியைக் கோயிலில் கடைசிப் பலகையில்தான் உட்கார வைப்பார்கள்.

அது மட்டும் என்றால் பார்னபி நம்பியிருக்க மாட்டார். கொள்ளைநோய் வந்த வருஷம் அவர் மனைவி மார்ஜரி படுத்தபோது பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்திக்கொண்டன. ஃபென் ஐயா உள்ளே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, அவள் உயிர் போகிறவரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பார்னபியே தொடப் பயந்திருந்தார்.

ஆகவே, இந்த வருஷம் ஈஸ்டர் வாரத்தில் ஊர் கூடிப் பார்னபியைக் கோயில் காரியஸ்தராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் முனகினாரே தவிர மறுக்கவில்லை. காரியஸ்தர்கள் இரண்டு பேர். இன்னொருவர் ரால்ஃப் பிக்கெட், நிலபுலன் உள்ளவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஃபென் ஐயா சொன்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர். வருஷத்துக்கு இரண்டு தடவை பிஷப்பின் விசாரணைக்காரர் சந்தை ஊருக்கு வந்து மன்றம் கூட்டுவார். காரியஸ்தர்கள் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து, அச்சடித்த கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

பதிலை ரால்ஃப் எழுதினார். உங்கள் கோயிலில் வெள்ளை அங்கி உண்டா? உண்டு, கிழிசல் இல்லாமல் சுத்தமாக இருக்கிறது. அதில் பொய் இல்லை. எட்டு வருஷமாகப் பெட்டிக்குள் கிடக்கிற துணி எப்படிக் கிழியும்? உங்கள் குருவானவர் ஜெபப் புத்தகத்தின்படி எல்லாம் செய்கிறாரா? எல்லாம் சரியாக நடக்கிறது. அது பொய். அதன் கீழே பார்னபி கையெழுத்துக்குப் பதிலாகத் தோல் சீவுகிற அரைவட்டக் கத்தியின் உருவத்தைக் கீறினார். பக்கத்து ஊர்களிலும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஃபென் ஐயாவுக்கும் தெரியும். அவர் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

இதெல்லாம் ஏப்ரலில். ஆகஸ்டில் பார்னபியின் மகள் பெர்னலுக்குப் பிரசவ நாள் நெருங்கியது.

பெர்னலின் புருஷன் ஹம்ஃப்ரி நெசவுக்காரன். ஐந்து மாதத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். அவள் அப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தறியில் பாதி நெய்து நின்ற துணியையும் வயிற்றையும்தான் கொண்டுவந்தாள். பிறக்கப்போவது ஆண் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதன் அப்பன் பெயரையே வைப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் வலி கண்டது. ஆண்கள் அந்த அறைக்குள் போவது வழக்கமில்லை. பார்னபி வெளியே, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அதைப் பிள்ளையின் அழுகை என்று சொல்வதற்கில்லை, ஒரு விக்கல் மாதிரி. கொஞ்ச நேரத்தில் கதவு பாதி திறந்தது. மருத்துவச்சி சிசிலி நின்றாள். இடது கையில் துணியில் சுற்றிய பிள்ளை, வலது கையில் ஒரு சின்னத் தகரக் கிண்ணம்.

“நீலமா இருக்கு,” என்றாள் மெதுவாக. “உயிர் நிக்காது. நான் தண்ணி ஊத்திடறேன். ஹம்ஃப்ரிதானே பேரு?”

அவசரத்துக்கு மருத்துவச்சி ஞானஸ்நானம் கொடுப்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த காரியம். ராணியின் ஜெபப் புத்தகமும் அதை அனுமதித்தது. சிசிலி நாற்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊற்றியிருக்கிறாள். ஆனால் ஃபென் ஐயா இதைப் பற்றி மூன்று வாரம் விடாமல் பிரசங்கம் செய்திருந்தார். பெண்பிள்ளை கையால் ஊற்றுகிற தண்ணீர் மந்திரவாதம், தண்ணீரில் ரட்சிப்பு இருப்பதாக நினைக்கிறவன் இன்னும் போப்பின் மடியில் இருக்கிறான் என்று சொல்லியிருந்தார். பார்னபி அதைக் கேட்டுத் தலையாட்டியிருந்தார்.

அவர் எழுந்து சிசிலியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேண்டாம் சிசிலி. நான் ஐயாவைக் கூட்டிட்டு வரேன்.”

“அதுக்குள்ள போயிரும்யா.”

“ஓடிப்போய் ஓடி வந்துருவேன். நீ ஊத்தாதே. எம்மேல ஆணை.”

கிண்ணத்துத் தண்ணீர் தளும்பி அவர் கையில் விழுந்தது. சிசிலி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆள் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடினார். ஃபென் ஐயா வீட்டில் வேறு இரண்டு குருமார்கள் இருந்தார்கள். காலையிலிருந்து உபவாசமாக இருந்து வேதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். காண்டர்பரிக்குப் புதிதாக வந்த பேராயர் ஜெபப் புத்தகத்தை அப்படியே ஏற்கிறேன் என்று எல்லாக் குருமாரிடமும் கையெழுத்துக் கேட்கிறார், போடுவதா வேண்டாமா என்று பேச்சு. பார்னபி வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். ஃபென் ஐயா எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார். குரலில் கோபமே இல்லை.

“சகோதரரே, உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதானா? ஞானஸ்நானம்கிறது ஓய்வுநாள்ல, சபைக்கு முன்னால, பிரசங்கத்தோட கொடுக்கிறது. மூலையில ஒளிச்சு வெச்சுக் கொடுக்கிற மருந்து இல்ல. விசுவாசிகளோட பிள்ளை பிறக்கும்போதே கர்த்தரோட உடன்படிக்கைக்குள்ளதான் இருக்கு. சமாதானமாப் போங்க. ஞாயித்துக்கிழமை கொண்டுவாங்க.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்காதுங்க ஐயா.”

“தாங்காட்டியும் அது கர்த்தர் கையில இருக்கு. நான் இப்ப வந்து ஊத்தினா, நாளைக்கு ஊரே தண்ணிதான் காப்பாத்துதுன்னு நம்பும். ஒரு பிள்ளைக்காக ஒரு சபையைத் திரும்ப இருட்டுல தள்ளச் சொல்றீங்களா?”

மார்ஜரியின் கையைப் பிடித்திருந்த கைதான் இப்போது பார்னபியின் தோளில் இருந்தது. அதை எப்படி உதறுவது? திரும்பி வந்தார். பாதி வழியிலேயே சிசிலி எதிரே வந்தாள். தலையை மட்டும் அசைத்தாள்.

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையைக் கோயில் தோட்டத்தில் மற்றவர்களோடு வைக்கிற வழக்கம் ஆல்டர்ஹமில் இல்லை. வடக்குச் சுவரோரம், வெயில் படாத பக்கம், தூக்குப் போட்டுக்கொண்டவர்களுக்கும் ஊர் பேர் தெரியாத பரதேசிகளுக்கும் என்று ஒரு துண்டு இடம் இருந்தது. அங்கே குழி வெட்டினார்கள். ஃபென் ஐயா வந்து நின்றார், ஆனால் ஒரு வார்த்தை வாசிக்கவில்லை. செத்தவர்களுக்காக வாசிப்பதும் அவருக்குப் போப் மார்க்கம்தான். எல்லா மண்ணும் ஒரே மண்தான் சகோதரரே என்று மட்டும் சொன்னார். அவருக்கு ஒரே மண். பெர்னலுக்கு அப்படி இல்லை.

அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. கஞ்சி கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவன் பேரைக் கோயில் புத்தகத்துல எழுதிட்டாங்களாப்பா?”

கோயில் பதிவேட்டில் பிறந்தது, கல்யாணம், செத்தது எல்லாம் எழுதுவார்கள். பெர்னலின் பெயர் அதில் இருந்தது. ஹம்ஃப்ரியின் பெயர் மார்ச் மாதத்தில் ஏறியிருந்தது. இந்தப் பிள்ளை பிறந்தான், இவன் பெயர் இது என்று ஒரு வரி ஏறிவிட்டால் போதும். இல்லாவிட்டால் தான் ஒரு பிள்ளையையே பெறவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதானே என்றாள்.

பார்னபி மறுபடி ஃபென் ஐயாவிடம் போனார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். ஃபென் ஐயா கண் கலங்கினார். உண்மையாகவே கலங்கினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிறப்பு எழுதுகிற பக்கம் ஞானஸ்நானம் வாங்கினவர்களுக்கு உரியது, வாங்காத பிள்ளையை எப்படி எழுதுவது, அது பொய்யாகிவிடும், பொய் எழுதத் தன் மனசாட்சி இடம் கொடுக்காது என்றார். பார்னபி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏப்ரலில் இவருக்காகத் தான் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்தது ஞாபகம் வந்தது. தன் மனசாட்சியை அன்றைக்கு ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

“அப்ப நான் பிஷப் ஆளுங்ககிட்டக் கேக்கறேன்,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் மன்றம் கூடுவதற்கு முந்தின நாள் ரால்ஃப் பிக்கெட் பட்டறைக்கு வந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் வந்ததே அதிசயம். பிள்ளை விஷயத்தை எடுத்தால் அங்கி விஷயம் வரும், அங்கி விஷயம் வந்தால் ஐயாவின் வேலை போய்விடும், இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசங்கம் செய்யத் தெரிந்த ஒரே ஆளை ஊர் இழந்துவிடும் என்று நயமாகச் சொன்னார். பார்னபி தோலிலிருந்து மயிரைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“உம்ம பேரப்பிள்ளைங்க எத்தனை பேரு அந்தப் புத்தகத்துல இருக்காங்க ரால்ஃப்?”

“அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“ஏழு பேரு. நான் எண்ணியிருக்கேன். ஏழு ஞானஸ்நான விருந்துக்கும் பன்றிக்கறி தின்னிருக்கேன்.”

ரால்ஃபுக்கு முகம் சிவந்தது. காட்டிக்கொடுத்த யூதாஸின் கதை என்னவானது என்று வேதத்தில் இருக்கிறது, யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மன்றம் சந்தை ஊர்க் கோயிலுக்குள் நடந்தது. மேசைக்குப் பின்னால் பஞ்சுப் பொதி மாதிரி ஒரு விசாரணைக்காரர். பக்கத்தில் இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டு ஒரு எழுத்தர். அன்று இருபது ஊர்க் காரியஸ்தர்கள் வந்திருந்தார்கள். ஆல்டர்ஹம் பெயரைக் கூப்பிட்டதும் ரால்ஃப் பழையபடி எழுதின காகிதத்தை நீட்டினார். பார்னபி அதில் கீறல் போட்டிருக்கவில்லை. நான் வாயால் சொல்கிறேன் என்று முன்னால் போய் நின்று பிள்ளையைப் பற்றி ஆரம்பித்தார்.

விசாரணைக்காரர் கையை உயர்த்தினார். “அது இருக்கட்டும். உங்க குருவானவர் வெள்ளை அங்கி போடறாரா, இல்லையா?”

“ஐயா, நான் வந்தது பிள்ளை விஷயமா.”

“பிள்ளையைப் பத்திக் கேக்கறேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லும். போடறாரா?”

பார்னபி ஒரு தடவை ரால்ஃபைத் திரும்பிப் பார்த்தார். ரால்ஃப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் பேனாவை மையில் தோய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“போடறதில்லை.”

எழுத்தரின் பேனா ஓடத் தொடங்கியது. எத்தனை வருஷமாக? எட்டு. சிலுவை போடுகிறாரா? இல்லை. நற்கருணைக்கு மண்டியிடுகிறார்களா? உட்கார்ந்துகொண்டே வாங்குகிறார்கள். வேறு குருமார் அவர் வீட்டில் கூடுகிறார்களா? கூடுகிறார்கள். விசாரணைக்காரருக்கு அன்றைக்கு முதல்தடவையாகத் தூக்கம் கலைந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். பார்னபி ஒவ்வொன்றுக்கும் உள்ளது உள்ளபடி சொன்னார். பிள்ளையின் முறை எப்போது வரும் என்று மட்டும்தான் அவர் கவனம் இருந்தது.

கடைசியில் வந்தது. பிள்ளை பிறந்தது, குருவானவர் வர மறுத்தது, வடக்குச் சுவர், எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வரி எழுதினால் போதும் என்றார். விசாரணைக்காரர் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார்.

“குருவானவர் வரலைன்னா அங்க இருக்கிற யார் வேணும்னாலும் தண்ணி ஊத்தலாம். ராணியம்மா சட்டம் அது. மருத்துவச்சி இருந்தாளா?”

“இருந்தா.”

“அவ ஏன் ஊத்தலை?”

பின்னால் ஆல்டர்ஹமிலிருந்து வந்தவர்களும் நின்றார்கள். இதைச் சிசிலி இதுவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்பது பார்னபிக்குத் தெரியும். அவள் சோம்பேறித்தனத்தால் ஊற்றவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காகிதத்தில் அதுதான் ஏறும்.

“ஊத்த வந்தா. நான்தான் அவ கையைப் பிடிச்சுட்டேன்.”

விசாரணைக்காரர் புத்தகத்தை மூடினார். அவர் கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. அடுத்த ஊரைக் கூப்பிட நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது, சாத்தினது நீர், இதில் எழுத என்ன இருக்கிறது என்றார். ஞானஸ்நானம் இல்லாத பெயரைப் பதிவேட்டில் ஏற்ற அவருக்கே அதிகாரம் இல்லையாம். பிறகு எழுத்தர் விசாரணைக்காரர் காதில் ஏதோ சொன்னார். ஏப்ரல் மாதக் காகிதத்தை எடுத்து அரைவட்டக் கீறலைக் காட்டினார். பொய்ச்சத்தியம். அதற்கு மட்டும் தண்டனை எழுதினார்கள். ரால்ஃபின் கையெழுத்தும் அதே காகிதத்தில் இருந்தது, ஆனால் ரால்ஃபுக்கு அந்த மன்றத்தில் வேண்டியவர்கள் இருந்தார்கள்.

பார்னபி வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பெர்னல் எழுந்து, பல நாளைக்குப் பிறகு தலை சீவி, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“சிசிலி கிண்ணத்தோட வந்தாளாப்பா?”

“வந்தா.”

“அவன் அப்ப உயிரோட இருந்தானா?”

“இருந்தான்மா.”

“நீங்க அவனைப் பாத்தீங்களா? மூஞ்சியை?”

அவர் யோசித்துப் பார்த்தார். கிண்ணத்தைத்தான் பார்த்தார். பிள்ளையைத் துணி மூடியிருந்தது, அவரும் விலக்கிப் பார்க்கவில்லை. இல்லை என்று சொன்னார். பெர்னல் தன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு சிசிலி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நவம்பரில் ஃபென் ஐயாவின் வேலையைப் பறித்து உத்தரவு வந்தது. காகிதத்தில் அங்கி இருந்தது, சிலுவை இருந்தது, மண்டியிடாதது இருந்தது. பிள்ளை இல்லை. அவர் கிளம்பின அன்று பாதி ஊர் வண்டிக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்தது. கர்த்தருக்காகப் பாடுபடுகிறவர் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு பிரபு அவருக்கு வீடும் வேலையும் தயாராக வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஃபென் ஐயா பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார்.

“சகோதரரே, உங்க மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. நான் உங்களை மன்னிச்சுட்டேன்.”

பார்னபி கையில் கத்தியோடு நின்றார். “எதுக்கு?”

“மன்றத்துல என்னைப் பத்திச் சொன்னதுக்கு.”

“அதுக்கு மன்னிச்சீங்களா. சரி. புதன்கிழமைக்கு யாரு யாரை மன்னிக்கணும் ஐயா?”

ஃபென் ஐயாவின் முகம் கொஞ்சம் வெளுத்தது. நான் அன்றைக்குச் சொன்னது சத்தியம், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன் என்றார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று பார்னபிக்குத் தெரியும். கூட்டத்தில் யாரோ ‘யூதாஸ்’ என்றார்கள். வண்டி போய்விட்டது.

புதிதாக வந்த குரு ஒரு சின்ன வயது ஆள். பிரசங்கம் தெரியாது. அச்சடித்த பிரசங்கத்தை விரல் வைத்து வாசிப்பான். காலையிலேயே வாயில் பீர் நாற்றம். ஆனால் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டான். மன்றம் அவன் பெயருக்கு எதிரே ‘சரி’ என்று எழுதிக்கொண்டது.

அவன் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பார்னபியின் தண்டனைக்கு நாள் குறித்திருந்தது. காலில் செருப்பில்லாமல், தலையில் தொப்பியில்லாமல், கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, கையில் வெள்ளைக் கோலோடு பிரசங்க மேடைக்குக் கீழே நிற்கவேண்டும். குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லவேண்டும். டிசம்பர் மாதத்துக் கல்தரை. குரு அங்கியில் ஒருவன், தண்டனைத் துப்பட்டியில் ஒருவர், இரண்டும் ஒரே துணிக்காரன் நெய்தது போல இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கக்கூட இல்லை.

புதியவன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். பார்னபி திருப்பிச் சொன்னார். நான் கர்த்தருக்கும் ராணிக்கும் முன்னால் பொய்ச்சத்தியம் செய்தேன். குருவானவர் அங்கி போடாதிருக்க, எல்லாம் சரியாக நடக்கிறது என்று சாதித்தேன். இதற்காக மனஸ்தாபப்படுகிறேன். காகிதம் அதோடு முடிந்தது. பார்னபி நிறுத்தவில்லை.

“ஆகஸ்ட் மாசம் ஒரு புதன்கிழமை எம் மகளுக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. அவன் பேரு ஹம்ஃப்ரி. மருத்துவச்சி ஊத்த வந்த தண்ணியை நான் ஊத்த விடலை. அதையும் எழுதிக்குங்க.”

“அது இதுல இல்லையே,” என்றான் புதியவன். காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அங்கேயும் இல்லை.

“இல்லன்னுதான் சொல்றேன்.”

“இல்லாததை நான் எப்படி எழுதறது பெரியவரே? என் வேலை போயிரும்.”

பார்னபி கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துப்பட்டியோடு வெளியே நடந்தார். வடக்குப் பக்கம், சுவரோரம், பெர்னல் நின்றிருந்தாள். கோயிலுக்குள் வரவில்லையே தவிர ஜன்னலுக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“பேரைச் சொன்னீங்க,” என்றாள்.

“சொன்னேன்மா.”

“எழுதினாங்களா?”

“இல்ல.”

அவள் தலையாட்டினாள், முன்பே தெரிந்ததுபோல. “நீங்க சொன்னது அவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. அவனுக்குத்தான் கேக்கலை,” என்றாள். அப்பா என்று கூப்பிடவில்லை. கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்து போனாள்.

புதியவன் வாசலுக்கு வந்து கூப்பிட்டான். ஆராதனை முடிகிறவரை நிற்கவேண்டும் என்று உத்தரவில் இருக்கிறதாம், பாதியில் போய்விட்டால் தண்டனை நிறைவேறியது என்று தான் கையெழுத்துப் போட முடியாதாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டி வருமாம். பார்னபி குழியைப் பார்த்தார். மண் அமுங்கித் தரையோடு தரையாகியிருந்தது. குளிரில் கால் மரத்துப் போயிருந்தது. துப்பட்டியைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கோலை எடுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மறுபடி நின்றார்.